பழைய கருமருந்து ரைபிளுக்கு நல்ல சைட் போடுறப்ப வர்ற கோளாறுங்க: அடையாளம் பாத்து சரி பண்ற வழி

சைட்டுல, அதாவது குறி பாக்கறதுக்காக துப்பாக்கிமேல இருக்கற அமைப்புல, கை வைக்கறதுக்கு முன்னாடி குழலுக்குள்ள மருந்து கெடக்கான்னு பாத்துடுங்க. இத எத்தனை தடவ சொன்னாலும் தகும். முன்பக்கமா கெட்டிக்கற பழைய ரைபிள்கள்ல, யாரோ ஒருத்தர் ஒரு காலத்துல கெட்டிச்சு வச்சுட்டு அப்படியே சுவத்துல மாட்டிட்டுப் போனது நிறைய இருக்கு. கருமருந்து ஈரம் படாம இருந்தா நூறு வருஷம் ஆனாலும் செத்துப்போகாது. குண்ட இறக்கற கெஜக்கோல உள்ள விட்டு அடிவரைக்கும் போக விடுங்க, குழல் வாய் விளிம்புல கோல்மேல ஒரு பென்சில் கோடு போட்டுக்கோங்க, அப்புறம் கோல வெளிய எடுத்து அந்தக் கோடு வாய்க்கு நேரா நிக்கற மாதிரி பேரலுக்கு வெளிப்பக்கமா ஒட்டி வச்சுப் பாருங்க. கோலோட நுனி, வெடிக்கற தொப்பி மாட்டற நிப்பிள் இருக்கற இடம் வரைக்கும் வரணும், சிக்கிமுக்கிக் கல்லால தீ பத்தற பிளின்ட்லாக்கா இருந்தா பக்கத்துல தீ போற சின்ன ஓட்டை வரைக்கும் வரணும். ரெண்டு மூணு விரக்கடை முன்னாடியே நின்னுடுச்சுன்னா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம், அப்ப சூடு காட்டறது, சுத்தியால அடிக்கறது, டிரில் போடறது எதுவுமே கூடாது, இந்த வேலை தெரிஞ்ச துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொண்டுபோய் குண்ட உருவச் சொல்லுங்க. லைசென்ஸ் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்க நாட்டு விதி என்னன்னு அதையும் பாத்துக்கோங்க.

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்துலயே சொல்லிடறேன், கீழ நான் சொல்ற எல்லா வழியும் இது மேலதான் நிக்குது. நீங்க பண்ற எந்த வேலையும் நாளைக்கே கழட்டி பழையபடி வைக்கற மாதிரி இருக்கணும். பேரல்ல புதுசா ஓட்டை போடாதீங்க, சைட் நுழையற சாய்ஞ்ச பக்கம் வச்ச பள்ளத்த, அதாவது டவ்டெயில, புதுசா வெட்டாதீங்க, அதோட சொந்த சைட்ட அராவாதீங்க. பிரிட்டிஷ் ராணுவத்தோட 1853 என்ஃபீல்டோ அமெரிக்க ராணுவத்தோட 1861 ஸ்பிரிங்ஃபீல்டோ எதுவா இருந்தாலும் அது இனி செய்யப் போற பொருள் இல்ல, புது சைட் தேஞ்சா இன்னொன்னு வாங்கிக்கலாம், பழைய பேரல்ல ஒரு ஓட்டை விழுந்தா விழுந்ததுதான். கழட்டின ஒவ்வொரு ஸ்க்ரூவையும் சைட்டையும் எண்ணெய் தடவி ஒரு கவர்ல போட்டு எந்த ரைபிள், எந்த இடம்னு எழுதி வச்சுடுங்க.

நல்ல சைட் போட்டா பழைய துப்பாக்கியோட அழகு கெட்டுடும்னு சிலர் நினைக்கறாங்க, அந்தக் காலத்துலயே அருமையான சைட் இருந்துச்சுங்க. 1874ல நியூயார்க்குல இருந்த கிரீட்மூர் சுடும் மைதானத்துல அமெரிக்காவும் அயர்லாந்தும் மோதின போட்டி 800, 900, 1000 கஜத்துல நடந்துச்சு, டெலஸ்கோப் எதுவும் கிடையாது, பின்னாடி வெர்னியர்ங்கற நுணுக்கமான அளவு போட்ட ஓட்டை சைட்டு, முன்னாடி குழாய்க்குள்ள மறைஞ்ச குளோப் சைட்டு, இத வச்சே 934க்கு 931னு மூணே பாயின்ட்ல முடிஞ்சுது. அயர்லாந்துக்காரங்க கையில இருந்தது முன்பக்கம் கெட்டிக்கற ரிக்பி ரைபிள். அதே மாதிரி சைட்ட பெடர்சோலி மாதிரி கம்பெனிங்க இன்னிக்கும் பண்றாங்க, அதனால காலத்துக்குப் பொருந்தற சைட்டாவே தேடிப் போடலாம்.

சரி, இனி அடையாளம் ஒவ்வொண்ணா பாப்போம்.

குண்டுங்க ஒரு இடத்துல விழாம சிதறுது

இது பெரும்பாலும் சைட் கோளாறே இல்ல. சைட் தப்பா இருந்தா குண்டுங்க தப்பான இடத்துல போய் விழும், ஆனா கூட்டமா விழும். சிதறுதுன்னா மொதல்ல சைட்ட விரலால புடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆடலன்னா சைட்ட விட்டுட்டு மத்தத பாக்க ஆரம்பிங்க. மருந்து அளவு ஒவ்வொரு தடவையும் ஒண்ணா இருக்கா, குண்ட ஒரே அழுத்தத்துல அடிவரை இறக்கறீங்களா, ரெண்டு சுடலுக்கு நடுவுல துணி விட்டுத் துடைக்கறது ஒரே மாதிரி இருக்கா. கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல கசடாத்தான் மிஞ்சும், அது குழலுக்குள்ள படிஞ்சுகிட்டே வரும், ஒரு தடவ துடைச்சு ஒரு தடவ துடைக்காம சுட்டா எந்த சைட் போட்டாலும் கூட்டம் சேராது. சுத்தமான குழல்லேர்ந்து போற மொத குண்டு தனியா விழறது சகஜம், அத கணக்குல எடுக்காதீங்க, ஒண்ணு ரெண்டு சுட்டு குழல் பழகினதுக்கப்புறம் விழறதத்தான் பாக்கணும்.

அப்புறம் பேரல் கட்டையில கெட்டியா உக்காந்திருக்கா பாருங்க. பாதிக்கட்டை ரைபிள்ல பேரல புடிச்சு வச்சிருக்கறது குறுக்கால போற ஒரு ஆப்புதான், அது விரலால தள்ளினாலே வெளிய வருதுன்னா சிதறலுக்கு அது ஒண்ணே போதும். ராணுவ ரைபிள்ல இரும்பு வளையங்கள் இருக்கும், அதுல ஒண்ணு லூஸா ஒண்ணு இறுக்கமா இருந்தாலும் இதே கதைதான்.

ஒரு கூட்டம் உள்ளங்கை அளவுக்காவது சேர்ற வரைக்கும் சைட்ட நகத்தாதீங்க, எதை வச்சு நகத்துவீங்க?

கூட்டமா விழுது, ஆனா ரொம்ப மேல போகுது

பழைய ராணுவ ரைபிள் வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் இது வரும். துப்பாக்கில கோளாறு இல்ல, அது செஞ்ச விதமே அப்படி. 1861 ஸ்பிரிங்ஃபீல்ட்ல பின் சைட்டு 100, 300, 500 கஜத்துக்குத்தான் வச்சிருந்தாங்க, என்ஃபீல்ட்லயும் 100 கஜத்துக்குக் கீழ ஒரு அளவே கிடையாது, ஆளோட இடுப்ப பாத்து சுட்டா எங்கயாவது உடம்புல படணும்ங்கறதுதான் அன்னிக்குக் கணக்கு. நீங்க 50 மீட்டர்ல காகித டார்கெட்டோட நடு வட்டத்துல படணும்னு பாக்கறீங்க, அப்ப மேலதான் போகும்.

குண்டு கீழ இறங்கணும்னா முன் சைட்டு உயரணும், இல்லன்னா பின் சைட்டு தாழணும். பின் சைட்டு ஏற்கனவே கடைசிப் படியில இருக்கும், அத அராவித் தாழ்த்தறது கூடாதுன்னு சொல்லிட்டேன், அதனால முன் சைட்ட உயர்த்தறதுதான் வழி. எவ்வளவு உயரம்னு குத்துமதிப்பா போகவேண்டாம், கணக்கு ரொம்ப சுலபம். ரெண்டு சைட்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்த, குண்டு தப்பிப் போன அளவால பெருக்கி, டார்கெட் தூரத்தால வகுங்க. எல்லாத்தையும் மில்லிமீட்டர்லயே எடுத்துக்கோங்க. உதாரணத்துக்கு சைட்டுங்களுக்கு நடுவுல 800 மிமீ, 50 மீட்டர்ல 150 மிமீ மேல போகுதுன்னா, 800 பெருக்கல் 150 வகுத்தல் 50,000, வர்றது 2.4 மிமீ. அவ்வளவு உயரம் முன் சைட்டுல சேரணும்.

இப்ப சேக்கறது எப்படிங்கறதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஸ்பிரிங்ஃபீல்ட், என்ஃபீல்ட் மாதிரி ராணுவ ரைபிள்ல முன் சைட்டுக்கு அடியில இருக்கற கட்டிதான் பயோனெட் மாட்டற கொக்கி, அது பேரலோட சேத்துப் பத்த வச்சது. அத சூடு காட்டிக் கழட்டி புதுசு வைக்கறேன்னு போனா பேரலோட நிறமும் போகும் அந்த இடமும் கெடும். அத தொடாம பண்ணுங்க: அரை மிமீ பித்தளைத் தகட்ட எடுத்து பழைய சைட் பிளேடு மேல சட்டை மாட்டற மாதிரி மடிச்சு உக்கார வைங்க, ரெண்டு பக்கமும் பிளேட ஒட்டி இறங்கணும், மேல மட்டும் தேவைக்கு ஒரு மிமீ அதிகமா விட்டுடுங்க. பிளேட நல்லா துடைச்சுட்டு மெழுகு லேசா தடவி, அது மேல எப்பாக்ஸி வச்சு ஒட்டுங்க, மெழுகு இருக்கறதால எப்பாக்ஸி பிளேடுல நேரா ஒட்டாது, மடிச்ச தகடு இறுக்கமா உக்காந்தாதான் நிக்கும், வேணுங்கும்போது கொஞ்சம் வெதுவெதுன்னு சூடு காட்டி இழுத்தா பழைய பிளேடு ஒரு கீறலும் இல்லாம வெளிய வரும். ஒட்டினது காஞ்சதும் ரேஞ்சுக்குப் போங்க, இப்ப குண்டு கீழ போகும், போகட்டும், அதுக்குத்தான் அதிகமா விட்டது. அங்கயே உக்காந்து ரெண்டு இழுப்பு அரம் போடறது, ஒரு கூட்டம் சுடறது, மறுபடி ரெண்டு இழுப்பு. அவசரப்பட்டு ஒரே நேரத்துல அராவிடாதீங்க, கணக்குல வந்த அளவுக்கு கால் மிமீ முன்னாடியே நிறுத்தி சுட்டுப் பாருங்க. மருந்து அளவையோ குண்டையோ பின்னாடி மாத்தினா இந்த உயரமும் மாறிடும், அதனால எத சுடப்போறோம்ங்கறத முடிவு பண்ணிட்டு அப்புறமா அராவறது நல்லது.

கீழ போகுது

இது நல்ல சேதி. புது முன் சைட்டா இருந்தா உச்சிய கொஞ்சம் கொஞ்சமா அராவுங்க, குண்டு மேல ஏறும். பழைய ஒரிஜினல் சைட்டா இருந்தா அராவாதீங்க, பின் சைட்டுல ஒரு படி ஏத்துங்க.

இடது பக்கமோ வலது பக்கமோ போகுது

பின் சைட்டு, குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் நகரணும். முன் சைட்டு அதுக்கு நேர் எதிர், குண்டு இப்ப எந்தப் பக்கம் தப்பிப் போகுதோ அந்தப் பக்கமே நகரணும். இது புரியாம ரெண்டு சைட்டையும் ஒரே பக்கம் தள்ளி, நகத்தினதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுகிட்டு, குண்டு அதே இடத்துல விழுதேன்னு குழம்பறவங்க உண்டு. ஒரு நேரத்துல ஒரு சைட்ட மட்டும் தொடுங்க. தள்றதுக்கு முன்னாடி சைட் அடியிலயும் பேரல்மேலயும் சேர்ந்த மாதிரி மெல்லிசா ஒரு பென்சில் கோடு போட்டுக்கோங்க, எவ்வளவு நகந்துச்சுன்னு கண்ணுக்குத் தெரியும், தப்பானா திரும்பி வரவும் இடம் தெரியும். அளவு வேணும்னா மேல சொன்ன அதே கணக்குதான்.

பழைய சைட் டவ்டெயில விட்டு அசையவே மாட்டேங்குது

நூறு வருஷத் துருவும் கசடும் சேந்து புடிச்சிருக்கும். துரு இளக்கற எண்ணெய சுத்தி விட்டு ராத்திரி முழுக்க விட்டுடுங்க, தேவைப்பட்டா ரெண்டு மூணு நாள் கூட விடலாம், எண்ணெய்க்கு செலவாகற பொறுமை பேரலுக்கு மிச்சம். வைஸ்ல புடிக்கும்போது ரெண்டு பக்கமும் தோலோ மரமோ வச்சுப் புடிங்க. சைட்ட தட்டி நகத்தற பஞ்ச் பித்தளைலதான் இருக்கணும், அந்தக் காலத்துப் பேரல் நிறைய மென்மையான இரும்புல செஞ்சது, எஃகு பஞ்ச் ஒரு தடவ வழுக்கினா பளிச்சுனு ஒரு தழும்பு விழும், அது போகாது.

எந்தப் பக்கம் அடிக்கறதுன்னா, வழக்கமா சைட்ட வலப்பக்கத்துலேர்ந்து உள்ள அடிச்சிருப்பாங்க, அதனால தோள்ல வச்சு பாக்கற நிலையில இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கமா அடிச்சுக் கழட்டணும். ஆனா பழைய கைவினைஞர் எல்லாரும் ஒரே மாதிரி பண்ணலீங்க, காலிப்பர் வச்சு டவ்டெயிலோட ரெண்டு முனை அகலத்தையும் அளந்து பாருங்க, எந்தப் பக்கம் துளி அகலமா இருக்கோ அந்தப் பக்கமாத்தான் வெளிய வரும். சின்ன சுத்தியால பத்து தடவ தட்டறதவிட கொஞ்சம் கனமான சுத்தியால ஒரே ஒரு நேரடித் தட்டு நல்லா வேலை செய்யும். நெருப்பு காட்டாதீங்க, முக்கியமா ரெட்டைக்குழல் ரைபிள்ல நடுவுல இருக்கற பட்டை ஈயப் பத்தவைப்புலதான் நிக்குது, முன் சைட்டுல சூடு காட்டினா பட்டையே வாய் பிளந்துடும்.

புது சைட் டவ்டெயில்ல நுழையல, இல்லன்னா லொடலொடன்னு ஆடுது

இன்னிக்குக் கடையில வர்ற சைட்டுங்க பெரும்பாலும் 3/8 அங்குல டவ்டெயிலுக்கு செஞ்சது. பழைய ரைபிள்ல டவ்டெயில் செஞ்சவர் கைக்கு வந்த அளவுல இருக்கும். நுழையலன்னா சைட்டோட அடிப்பாகத்த அராவுங்க, பேரல்ல அரம் படவே கூடாது. முக்கோண அரத்துல ஒரு முகத்த சாணைக்கல்லுல தேச்சு மழமழன்னு ஆக்கிடுங்க, அப்ப சாய்ஞ்ச பக்கத்த மட்டும் வெட்டும், அடித்தளத்த தின்னாது. எங்க இடிக்குதுன்னு தெரிய மெழுகுவத்தி புகைய சைட் அடியில காட்டி கருப்பாக்கிட்டு லேசா தள்ளிப் பாருங்க, கருப்பு தேஞ்ச இடம்தான் இடிக்கற இடம், அத மட்டும் ஒரு இழுப்பு. விரலால தள்ளினா மூணுல ஒரு பங்கு உள்ள போய் நிக்கணும், மிச்சத்த பித்தளை பஞ்சால தட்டி ஏத்தணும், அதுதான் சரியான இறுக்கம்.

ஆடுதுன்னா பேரல் விளிம்ப சுத்தியால அடிச்சு மடக்கறது பழைய பட்டறைப் பழக்கம், தயவு செஞ்சு பண்ணாதீங்க, அந்த அடி ஒவ்வொண்ணும் பேரல்ல நிக்கும். சைட்டோட அடியில சென்டர் பஞ்சால நாலஞ்சு புள்ளி அடிங்க, புள்ளியச் சுத்தி உலோகம் கொஞ்சம் எழும்பும், அதுவே இறுக்கிடும். அதுக்கு மேல ஆட்டம் இருந்தா மெல்லிய பித்தளைத் தகடு ஒண்ண அடியில வச்சுத் தட்டி ஏத்துங்க. நீலக்கலர் லாக்டைட் ஒரு சொட்டு போதும், அது கைக்கருவியாலயே விடுபடும், சிவப்பு போட்டா அப்புறம் சூடு காட்டித்தான் எடுக்கணும்.

முன் சைட் தெளிவா இருக்கு, பின் சைட் மங்கலா தெரியுது

நாப்பது வயசத் தாண்டினவங்க சைட் மாத்தலாமான்னு யோசிக்க ஆரம்பிக்கறதே இதனாலதான். கண்ணு ஒரே நேரத்துல பின் சைட்டோட வெட்டு, முன் சைட்டோட பிளேடு, டார்கெட்டுன்னு மூணு தூரத்தையும் தெளிவா பாக்க முடியாது, சின்ன வயசுல சமாளிச்சுடும், வயசானா பக்கத்துல இருக்கற வெட்டுதான் மொதல்ல மங்கும். வெட்ட அகலமாக்கறது, ஆழமாக்கறது எல்லாம் பிரயோஜனம் இல்ல.

வழி ரெண்டு. ஒண்ணு, முன்னாடி தள்ளி ஏற்கனவே ஒரு டவ்டெயில் இருக்கற ரைபிளா இருந்தா பின் சைட்ட அங்க கொண்டுபோகலாம், கண்ணுலேர்ந்து தூரமாகும்போது தெளிவாகும், ஆனா சைட்டுங்களுக்கு நடுவுல தூரம் குறையறதால குறி துல்லியம் கொஞ்சம் குறையும். ரெண்டாவதுதான் எனக்குப் புடிச்சது, ஓட்டை சைட். பேரலோட பின்னாடி கட்டை மேல நீண்டு வர்ற இரும்பு நாக்க டாங்னு சொல்லுவோம், அதுல நிக்கற சைட்டு இது. கண்ணுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஓட்டை இருந்தா அது வழியா பாக்கும்போது தூரமும் பக்கமும் ரெண்டுமே தெளிவடையும், ஓட்டைய கண்ணு தானாவே நடுவுல வச்சுக்கும், நீங்க முன் சைட்ட மட்டும் பாத்தா போதும். அதோட சைட் தூரமும் கூடுது. 700 மிமீ இருந்தது 950 ஆச்சுன்னு வைங்க, சைட்டுல ஒரு பத்துல ஒரு மிமீ பிசகினா 100 மீட்டர்ல முன்னாடி 14 மிமீ தப்பும், இப்ப 10.5தான்.

போடறப்ப கவனிக்க வேண்டியது டாங் ஸ்க்ரூ. பழைய ஸ்க்ரூவோட மரை இன்னிக்கு இருக்கற எந்த அளவுக்கும் பொருந்தாம இருக்கும், பொருந்தலயேன்னு புது டேப் விட்டு மரைய வெட்டிட்டா போச்சு. அதே மரையில கொஞ்சம் நீளமான ஸ்க்ரூவ கடைசல் பட்டறையில செஞ்சு வாங்குங்க, பழையத மாதிரிக்குக் குடுத்தா செஞ்சுடுவாங்க. ஒரே ஒரு ஸ்க்ரூ ஓட்டைதான் இருக்கு, சைட் சுத்துதேன்னா ரெண்டாவது ஓட்டை போடாம, சைட் அடித்தட்ட டாங்கோட வளைவுக்கு சரியா படியற மாதிரி அராவி உக்கார வைங்க, முழுசா படிஞ்சா ஒரு ஸ்க்ரூவே புடிச்சுக்கும்.

ஓட்டை வழியா இருட்டா தெரியுதுன்னா ஓட்டை ரொம்ப சின்னது. காகித டார்கெட்டுக்கு சின்ன டிஸ்க் நல்லது, மேகம் மூடின நாள்லயும் காட்டுக்குள்ளயும் பெரிய ஓட்டை வேணும், டிஸ்க்கையே கழட்டிட்டு வெறும் வளையத்த வச்சு சுடறவங்களும் இருக்காங்க. இன்னொண்ணு, இந்த சைட் கண்ணுக்கு ரொம்பப் பக்கம், கனமான மருந்து போட்டா பின்தள்ளும்போது புருவத்துல இடிக்கும், அதனால கன்னத்த எங்க வைக்கறோம்னு குண்டு போடாம பழகிப் பாத்துட்டு சுடுங்க, பாதுகாப்புக் கண்ணாடி கண்டிப்பா போடணும்.

50 மீட்டர்ல நடுவுல விழுது, 200ல ஒரு பக்கமா போகுது

காத்து இல்லாத நாள்லயும் இப்படி ஆகுதுன்னா சைட்டு சாய்ஞ்சு நிக்குது, இல்லன்னா நீங்க ரைபிள சாய்ச்சுப் புடிக்கறீங்க. ஏணி மாதிரி உயர்ற சைட் ஒரு பக்கம் துளி சாய்ஞ்சிருந்தா மேல ஏத்த ஏத்த அது பக்கவாட்டுலயும் நகந்துகிட்டே போகும், கிட்ட தெரியாது, தூரத்துல தெரியும். ரைபிள வைஸ்ல வச்சு பேரல் தட்டை முகத்துல ரசமட்டம் வச்சு சமமாக்குங்க, எண்கோணப் பேரலா இருந்தா இது சுலபம், பின்னாடி ஒரு தூக்குநூல் தொங்கவிட்டு சைட்டோட விளிம்பு நூலோட ஒத்துப் போகுதான்னு ஒரு கண்ண மூடிப் பாருங்க. ஒத்துப் போகலன்னா சைட் அடியில எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கம் காகிதத் தடிமனுக்கு ஒரு பித்தளைத் தகடு வைங்க. சைட் நேரா இருந்தா தப்பு புடியிலதான், அதுக்குன்னே குளோப் சைட்டுக்கு அடியில சின்ன ரசமட்டக் குழாய் வச்சு வருது, அந்தக் காலத்து தூரப் போட்டிக்காரங்க அது இல்லாம சுட மாட்டாங்க.

கழுவித் திரும்ப மாட்டினா ஸீரோ (சைட்ட சரி பண்ணி வச்ச நிலை) போயிடுது

கொக்கி பிரீச் இருக்கற ரைபிள்ல இது வரும். அதுல பேரலும் டாங்கும் ஒரே துண்டு இல்ல, பேரலோட பின்னாடி ஒரு கொக்கி இருக்கும், அது டாங்குல இருக்கற பள்ளத்துல மாட்டும். வெந்நீர்ல கழுவ வசதியாத்தான் அப்படி கழட்டற மாதிரி வச்சிருக்கு. ஆனா ஓட்டை சைட்ட டாங்குல வச்சுட்டீங்க, முன் சைட் பேரல்ல இருக்கு, கொக்கியில ஆட்டம் இருந்தா ஒவ்வொரு தடவ மாட்டும்போதும் ரெண்டும் வேற வேற நிலையில உக்காரும். பேரல புடிச்சு டாங்க விரலால தொட்டுகிட்டே மேலயும் கீழயும் அசைச்சுப் பாருங்க, விரலுக்குத் தெரியும். கொக்கி முகத்துல மெல்லிய பித்தளைத் தகடு ஒண்ணு வச்சா ஆட்டம் நிக்கும், ஆப்பையும் ஒவ்வொரு தடவையும் அதே ஆழத்துக்கு அடிக்கணும், ஆப்புல ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க. இதுக்கும் அடங்கலன்னா அந்த ரைபிளுக்கு பேரல்மேலயே உக்கார்ற பின் சைட்டுதான் சரி.

ஒவ்வொரு குண்டும் முன்னத விட கீழ இறங்குது

ஏணி சைட்டுல மேலயும் கீழயும் நகர்ற சறுக்கியப் பாருங்க. பின்தள்ற அதிர்ச்சியில அது நூல் நூலா இறங்கும். உள்ள இருக்கற சின்ன ஸ்பிரிங் பட்டை தளந்திருக்கும், அத கழட்டி லேசா வளைச்சு வைக்கலாம், ரொம்ப வளைச்சா பழைய எஃகு படக்குனு ஒடையும், அதனால வளைக்க பயமா இருந்தா சறுக்கிக்கு அடியில மெல்லிய தோல் துண்டு ஒண்ணு வைங்க. படிப்படியான தகடு வச்சு உயர்த்தற பின் சைட்டா இருந்தா அந்தத் தகடு நழுவி அடுத்த படிக்கு வந்திருக்கும், ரெண்டுக்கும் ஒரே வைத்தியம்.

காலையில ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம்

புது பித்தளை பிளேடோ வெள்ளி பிளேடோ போட்டவங்களுக்கு இது வரும். வெயில் வலப்பக்கம் இருந்தா பிளேடோட வலது விளிம்பு மட்டும் பளபளக்கும், கண்ணு அந்த வெளிச்சத்தையே முழு பிளேடுன்னு எடுத்துக்கும், அத வெட்டுக்கு நடுவுல வைக்கறப்ப நிஜ பிளேடு இடப்பக்கம் தள்ளிப் போயிடும், குண்டும் இடப்பக்கம் போகும். வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமா குண்டு போகுதுன்னா சந்தேகமே வேண்டாம், இதுதான். பிளேடோட பின்முகம் உருண்டையா இல்லாம தட்டையா இருக்கணும், ஓரம் கூர்மையா இருக்கணும், மேல கருப்பா இருக்கணும். கற்பூரம் ஒரு துண்ட கொளுத்தி அந்தப் புகைய சைட்டுல காட்டினா வெல்வெட் மாதிரி ஒரு கருப்பு படியும், துடைச்சா போயிடும், உலோகத்துக்கு ஒண்ணும் ஆகாது. இத மருந்து வச்சிருக்கற மேசையிலேர்ந்து நல்லா தள்ளி, துப்பாக்கி காலியா இருக்கும்போது மட்டும் பண்ணணும். தொந்தரவே வேண்டாம்னா குழாய்க்குள்ள மறைஞ்ச குளோப் சைட் போட்டுடுங்க, வெயிலே உள்ள படாது. லைமன் 17ஏ மாதிரி சைட்டுல உள்ள மாத்தற சின்ன சின்ன இன்சர்ட் வரும், வட்ட டார்கெட்டுக்கு வளைய இன்சர்ட், வளையத்துக்கும் கருப்பு வட்டத்துக்கும் நடுவுல நல்லா வெள்ளை தெரியற அளவுல எடுங்க, ரொம்ப இறுக்கமா எடுத்தா கை அசையறது பெருசா தெரிஞ்சு ட்ரிக்கர வெடுக்குனு இழுக்க வைக்கும்.

குழல துடைக்கும்போது துணி ஒரே இடத்துல மாட்டுது

சைட் ஸ்க்ரூ மாத்தினதுக்கு அப்புறம் இது ஆரம்பிச்சிருந்தா சுடறத உடனே நிறுத்துங்க. பின் சைட்டோட அடித்தட்ட புடிக்கற ஸ்க்ரூ பேரல் சுவத்துக்குள்ள பாதி வரைக்கும்தான் போகணும், நீளமான ஸ்க்ரூ போட்டு இறுக்கினா சுவர துளைச்சு உள்ள எட்டிப் பாக்கும், இல்லன்னா உள்பக்கம் ஒரு மேடு எழும்பும். கோல்ல துணிய சுத்தி மெதுவா இழுத்து எந்த இடத்துல மாட்டுதோ கோல்ல குறிச்சு, வெளிய சைட் ஸ்க்ரூவோட ஒத்துப் பாருங்க. ஸ்க்ரூவ கழட்டினதும் மாட்டல் நின்னுட்டா, ஸ்க்ரூ நுனிய கொஞ்சம் அராவி சின்னதாக்கி, ஓட்டை வழியா உள்ள வெளிச்சம் தெரியுதான்னு பாத்துட்டு மாட்டுங்க. கழட்டியும் மாட்டுதுன்னாலோ, ஓட்டை குழல் வரைக்கும் திறந்திருந்தாலோ அந்தப் பேரல பழைய ஆயுதம் தெரிஞ்ச மெக்கானிக் உள்ள கேமரா விட்டுப் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் ஒரு குண்டு கூட சுடாதீங்க.